என் இடத்தில் அரிசி

முன்னால் இரண்டும் அசல் காயிலோவர்.
பின்னால் ஸ்பிரிங் ஓரிடம், ஷாக் ஓரிடம்.
"பிரிஞ்சு வாழுற புருசன் பொண்டாட்டி மாதிரிம்மா"
என்ற தஸ்தகீர்
வண்டிக்கடியிலேயே நாக்கைக் கடித்துக்கொண்டார்.
பத்தொன்பதாம் நம்பர் ஸ்பானரைத் தேடுவதுபோல் குனிந்தேன்.
அது என் கையில்தான் இருந்தது.

புதுப்பேட்டையில் இரவு பத்து மணி.
கூவத்தின் வாடை கிரீஸ் வாடையிடம் தோற்றுக்கொண்டிருந்தது.
எழுநூற்றிருபது கிலோ ஆல்டோ,
ஐந்து பேர் ஏறினால் பெருமூச்சு விடும்.
இதுக்கா இவ்வளவு செலவு என்றார்கள் ஆபீசில்.
கனமான வண்டி தன் கனத்தாலேயே தரையில் உட்காரும்.
லேசான வண்டியைத்தான்
சொல்லிச் சொல்லி உட்காரவைக்க வேண்டும்.

முதல் நாள் இருபத்துநான்கு சொடுக்கும் இறுக்கி ஓட்டினேன்.
ஆற்காடு சாலையில் மெட்ரோ வேலைக்குப் போட்ட இரும்புத் தகடுகள்
ஒவ்வொன்றாக என் கடைவாய்ப்பல்லில் ஏறி இறங்கின.
வளைவில் டயர் சாலையைத் தொட்டதைவிடத் தாண்டியதே அதிகம்.
இறுக்கினால் பிடிக்கும் என்று
ஆறு வருடம் நம்பியவள்தானே.

அப்புறம் எடை.
நான்கு தராசுக்கு எங்கே போவது?
பவுன்ராஜின் காயலான் கடையில் ஒரே ஒரு எடைமேடை.
ஒரு சக்கரம் மேடையில்,
மற்ற மூன்றும் அதே உயரத்துக்கு அடுக்கிய பலகைகளில்.
"போடுறதுன்னா கிலோ முப்பத்திரெண்டு, பேட்டரி தனி"
என்று பார்த்தார்.
போடுவதில்லை என்றதும்
தொந்தரவுக்கு நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார்.

ஓட்டும் இருக்கையில் நான் இருக்க வேண்டும்,
வெளியே நின்று வளையம் திருகவும் நான்தான் வேண்டும்.
இருபத்தாறு கிலோ பொன்னி மூட்டை இரண்டு,
அதன்மேல் ஒன்பது கிலோவுக்கு கிரைண்டர் குழவி.
சீட் பெல்ட்டும் மாட்டிவிட்டார் தஸ்தகீர்.
என் இடத்தில் அரிசி உட்கார்ந்திருந்தது
என்னைவிட நிதானமாக.

முன் இடது இருநூற்றுப் பத்து.
முன் வலது இருநூற்று எழுபத்தாறு.
பின்னால் நூற்று நாற்பத்திரண்டு, நூற்றைம்பத்துமூன்று.
ஷட்டரில் சாக்பீஸால் எழுதினோம்.
முன் வலது வளையத்தை ஒன்றரைச் சுற்று இறக்கி,
இன்னும் அரை, பயந்துபயந்து ஒரு கால்.
ஒவ்வொரு முறையும் வண்டியைத் தள்ளி, இறக்கி,
பானெட்டை அமுக்கி ஆட்டி, மறுபடி ஏற்றி.
பொழுது சாயும்போது மூலைக்கு மூலை கூட்டினால்
முந்நூற்றுத் தொண்ணூறு,
முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று.
தஸ்தகீர் பீடி பற்றவைத்தார்.

ஆனால் இடது பக்க மொத்தம் முந்நூற்றைம்பத்திரண்டு,
வலது நானூற்று இருபத்தொன்பது.
காலையில் எழுதிய கணக்கிலும் இதேதான்.
"அது வளையத்துல வராதும்மா.
பக்கத்து சீட்ல ஆளு உக்காந்தாத்தான்."
எழுபத்தேழு கிலோ.
கழித்துப் பார்த்த சாக்பீஸைக்
கீழே வைத்தேன்.

மறுநாள் கத்திப்பாரா மேம்பாலத்தில் ஒரு சத்தம்.
இணைப்புக்கு இணைப்பு டொக்,
இடது முன்பக்கம்.
தஸ்தகீர் பக்கத்தில் ஏறிக் காதைக் கொடுத்தார்: ஒன்றுமில்லை.
பாலத்தை மூன்று தரம் சுற்றினோம்: ஒன்றுமில்லை.
ஆசர்கானாவில் டீ குடிக்க அவரை இறக்கிவிட்டுத் திரும்பினால்
டொக்.
"நான் இருந்தா பேசமாட்டேங்குது" என்றார்.
சக்கரம் தொங்கும் நொடியில் ஸ்பிரிங் தளர்ந்து
திரும்ப இருக்கையில் விழுகிற சத்தமாம்.
அந்த ஸ்பிரிங்கை மட்டும் கொஞ்சம் முன்கூட்டி அழுத்தி வைத்தோம்.
தொண்ணூறும் தொண்ணூற்றொன்றும் கலைந்தன.
"திரும்ப எடைக்குப் போலாமா?"
வேண்டாம் என்றேன்.

இப்போது ஒன்பதாவது சொடுக்கில் விட்டிருக்கிறேன்.
இரும்புத் தகடு இரும்புத் தகடாகவே தெரிகிறது.
ஒரு மூட்டையை தஸ்தகீர் வீட்டுக்குக் கொடுத்தாயிற்று.
மற்றதைத் தினம் ஓர் ஆழாக்கு களைந்து
உலையில் போடுகிறேன்.
லேசாக கிரீஸ் வாசம் வருகிறது.
சாப்பிடலாம்.