நீலம் ஏறாதது

அபர்டீனில் சனிக்கிழமையும் மூடுபனி.
கடலிலிருந்து ஏறிவந்து
சாம்பல் கருங்கல் சுவர்களை ஒவ்வொன்றாய் விழுங்கி
நான்காம் மாடிச் சன்னலில் நிற்கிறது.

முப்பத்தேழு டிகிரிப் பெட்டிக்குள்
மெழுகுப்பூச்சியின் புழுக்கள், தட்டுக்குப் பத்து.
தீக்குச்சியின் மழுங்கிய முனையால் தொடுவேன்.
நெளிந்தால் உயிர்.
கறுத்துக் கிடந்தால் நோட்டில் ஒரு கோடு.

ஈஸ்ட்டின் மேனியெங்கும் சர்க்கரை.
மானோஸ் மேல் மானோஸ் கோத்துக் கிளைத்த
கம்பளி மயிர்.
நம் காவலுக்கு நிற்கும் வெள்ளணு
தடவித்தான் ஆள் அறியும்.
அதற்குத் தெரிந்த முகம் குளுக்கன்.
அதுவோ கம்பளிக்குக் கீழே
மூச்சுக் காட்டாமல் படுத்திருக்கும்.

இது வந்தது யாரோ ஒருவர் நாக்கிலிருந்து.
சீட்டில் பெயரில்லை.
பெண், வயது 71, வெண்படலம்.
ஒன்பது நாள் கழித்து, வேறு கையெழுத்தில்:
ரத்தத்திலும்.
அதற்குமேல் எனக்கு எதுவும் அனுப்பவில்லை.

முதலில் வெட்டிய மரபணு
ஓரத்துப் பாஸ்பேட்டை உதிர்த்தது.
நீலச் சாயம் ஊற்றிச் சுழற்றினால்
பழைய ஈஸ்ட் நீலமாய் அடியில் படிந்தது,
என்னுடையது தயிராய் வெளுத்திருந்தது.
குதித்தேன். பெர்கஸ் கேக் வாங்கிவந்தான்.
அடுத்த வாரம் எண்ணினால்
அதே கணக்கில் செத்திருந்தன புழுக்கள்.
சாயம்தான் ஏமாந்தது.

பிறகு பதினான்கு மாதம்.
இன்னொரு மரபணு, இன்னும் உள்ளே,
நீள்கிளை தொடங்கும் கணுவில்.
இந்த ஈஸ்ட் சோம்பி வளர்ந்தது,
தாயும் சேயும் பிரியத் தெரியாமல்
கட்டிகட்டியாய் ஒட்டிக்கொண்டது.
ஐந்தாம் நாளும்
பத்தில் எட்டுப் புழு வெண்ணெய் நிறத்தில் நெளிந்தது.

அய்ல்சா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.
‘சட்டையைக் கழற்றியதால் பிடிபட்டதா,
நோஞ்சான் என்பதால் தோற்றதா?
வெட்டியதைத் திருப்பி வை.
மறுபடி கொன்றால் நம்புகிறேன்.’

திருப்பி வைத்தேன்.
சர்க்கரையை எல்லாம் திருப்பிக் கொடுத்தேன்,
ஒரு கிளை விடாமல்.

இன்று அந்தத் தட்டு.
மூன்றாம் நாள், காலை ஒன்பதரை.
கட்டடத்தில் நானும், குளிர்ப்பெட்டிகளின் முனகலும்.
இவை செத்திருக்க வேண்டும் என்று
நெஞ்சு அடித்துக்கொள்கிறது.
71, அந்த நாக்கு, நினைவுக்கு வருகிறது,
தள்ளிவைக்கிறேன்.

மூடியைத் திறக்கிறேன்.
ஆறு கரி.
ஏழாவது, பாதி கறுத்தது,
தீக்குச்சி தொட்டதும்
மெல்ல
தலையைத் திருப்புகிறது.

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு
நிற்கிறேன்.