எழுபத்திரண்டில் ஒன்று

ட்ரோம்சோவில் பகலில்லாத மாதம்.
மேசை விளக்கடியில் ஹால்வார்ட்
பெட்டி திறக்கிறான்:
சாம்பல் சட்டங்களில் உறுப்புறுப்பாய்
ஒரு பறக்கும் படகு.

ஆணித்தலைகள் கொஞ்சம் பெரிசு.
இடது மிதவையில் குழி.
இறக்கைத் தாங்கி அரை மில்லிமீட்டர் குட்டை;
நிஜத்தில் அது முப்பத்தாறு என்று
கணக்குப் போட்டு உதட்டைப் பிதுக்குகிறான்.
இருக்கைகள் இரண்டு, விமானி ஒருவன்தான்.
மற்றவனை எங்கே இறக்கிவிட்டார்கள்?
ஜன்னல்கள் பரவாயில்லை.

"மிதக்குமா?" என்கிறாள் ஸுன்னிவா,
மீன்சட்டியைத் துலக்கியபடி.

மதிப்பீட்டுத் தாளில் அதற்குக் கட்டமில்லை.

மணி பன்னிரண்டு.
எந்தப் பன்னிரண்டென்று ஜன்னல் சொல்லாது.
பசை காயாத உடலைத்
தொட்டியில் விடுகிறான்.
மூக்கைத் தூக்கி,
வால் வழியே குடித்துக்கொண்டு
நாற்பது விநாடி நின்றது.
ஸுன்னிவாதான் எண்ணினாள்.

பத்துக்கு ஆறு என்று எழுதியிருந்தான்.
பக்கத்தில் ஓர் அரை சேர்த்தான்.