அகலவில்லை

பாண்டிருப்பில் ஒரு வீடு விற்பனைக்கு.
சொந்தக்காரர் சூரிச்சில்.
தரகர் இஃப்ராஸ் நானா திறப்போடு நிற்கிறார்:
"நாலு மணிக்கு முதல் முடிச்சிருங்க தங்கச்சி,
வெயில் போனா வீடும் போயிரும்."

ஓட்டோவிலிருந்து நான் இறக்குவன:
மெழுகு ஆப்பிள் ஒரு கூடை,
மஞ்சள் குஷன் இரண்டு,
ஏழு வீடுகளில் பூத்தும் வாடாத
துணிப்பூச் சாடி,
வெள்ளம் நின்ற கோடு தெரியும் சுவர்களுக்கென்றே
தைத்துவைத்த நீளத்திரை.

வீட்டுக்குள் ஓர் ஆள் இருந்தாள்.
பவளராணி. பதினொரு வருசமாக வீடு பார்க்கிறவள்.
அவள் பாயைச் சுருட்டினோம்.
தைலப்போத்தல், றேடியோ,
கொடியில் காய்ந்த பாவாடை, மருந்துத் துண்டு,
எல்லாம் ஓர் உரப்பைக்குள் போயின.
மிச்சம் அவள் மட்டும்.
"நான் எங்க நிக்கிற புள்ள?"

கதவுக்குப் பின்னால் என்றேன்.
ஹோலை எடுக்கையில் குசினிக்குள்.
குசினியை எடுக்கையில் கிணற்றடியில்.
அலுமாரிக் கண்ணாடி பார்க்கும் அறையில்
நானும் அவளோடு நிலத்தில் குந்தினேன்.
படத்தில் விழாமல் இருப்பதற்குத்தான்
இரண்டு பேருக்கும் சம்பளம்.
அவளுக்கு அது சிரிப்பாயிருந்தது.
வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

இந்த வேலைக்குப் போகாதே,
நாய் கடிக்கும் என்றாள் அம்மா.
கடித்தது. காரைதீவில், ஒருமுறை.
கல்லடியில் குளவி.
அக்கரைப்பற்றில் ஒரு கூரைச் சீற்
ஐந்து நிமிடம் என்னை நம்பிவிட்டு
மனம் மாறியது.
பின்னால் வைக்கும் காலைப் பற்றி
யாரும் எனக்குச் சொல்லவில்லை.
பத்தடி அறையைப் பதினாலாக்கப்
பதினாறு மில்லிமீற்றர் அகல வில்லை மட்டும் போதாது,
நானும் பின்னுக்குப் போகவேண்டும்,
சுவர் முதுகில் ஒட்டும்வரை.

கடைசிப் படம், வீட்டின் பின்புறம்.
முக்காலி நிமிர்ந்தது.
வெளிச்சம் மூன்று அளவில், மூன்று படம்,
பத்து வினாடி பொறுத்து.
அழுத்திவிட்டுப் பார்த்தால்
யன்னல் கண்ணாடியில் நான் நிற்கிறேன்.
விலக ஓரடி.
இன்னும் தெரிகிறேன்.
இன்னும் ஓரடி.

மேலே புல், கீழே உக்கிய கொங்கிறீற்.
மலகூடக் குழி,
பாவிப்பை விட்டுக் கனகாலம்,
அவ்வளவுதான் என் அதிட்டம்.
இடுப்புவரை போனேன்.
கம்பி ஒன்று தொடைக்குள் வந்தது.

கூப்பிடும்வரை வெளியே வரக்கூடாது
என்று சொல்லிவைத்திருந்தேன்.
வந்தாள்.
"கையத் தா புள்ள. மற்றக் கையயும் தா."
தலைக்குமேல் கமெரா தன் பாட்டில்
டிக். டிக். டிக்.

கல்முனை ஆஸ்பத்திரியில் ஆறு தையல்.
இரவு, காலைத் தலகணியில் தூக்கிவைத்து
மூன்று படத்தையும் ஒன்றாக்கினேன்.
இருட்டுப் படத்தில் கதவு மட்டும்.
நடுப் படத்தில் கதவருகே ஒரு முழங்கை.
வெளிச்சப் படத்தில்
ஊதாச் சட்டை, முகமில்லை,
படியிலிருந்து புல்வரை இழுபட்ட ஒரு நிறம்.
மென்பொருள் கேட்டது:
அசைந்தவற்றை நீக்கவா?
ஓம் என்று அழுத்தினேன்.
அவள் ஓடிவந்த இடத்தில் புல் வளர்ந்தது.
படிக்கரையில் மட்டும் விரலளவு ஊதா.
மூன்றுதரம் அழித்துப் பார்த்தேன்.
அகலவில்லை.
விடிந்தது. அப்படியே அனுப்பினேன்.

இஃப்ராஸ் நானா எடுத்தார்:
"படிக்குப் பக்கத்துல அந்தப் பூ நல்லாருக்கு தங்கச்சி,
இன்னும் ரெண்டு வெச்சிருக்கலாம்."

மூன்று கிழமையில் விலை தீர்ந்தது.
களுவாஞ்சிக்குடியில் இன்னொரு வீட்டுக்குப்
போய்க்கொண்டிருக்கையில்
பவளராணியின் அழைப்பு.
கால் எப்படி என்றாள்.
தையல் வெட்டியாச்சா,
மீன் தின்னாதே, புண் பழுக்கும் என்றாள்.
மறுகா கொஞ்சநேரம் காற்று மட்டும் கேட்டது.
"ஆக்கள் வாற மாசம் வாறாங்களாம்.
நான் எங்க நிக்கிற புள்ள?"

ஓட்டோ கல்லாற்றுப் பாலத்தில் ஏறியது.
மடியில் குஷன் பை.
அதற்குள், எப்படி வந்ததோ,
பல் இரண்டு போன அவளுடைய சீப்பு.