மூன்று புளியங்கொட்டை

புவனேசராணி மிஸ் ஆளுக்கு மூன்று
புளியங்கொட்டை தந்தா.
பேச எழும்பினால் ஒன்றை மேசையில் வைக்கவேண்டும்.
மூன்றும் முடிந்தால் வாய்க்குப் பூட்டு.
"பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு
இதென்ன விளையாட்டு மிஸ்" என்றேன்.
"அதுக்கு ஒண்டு வை" என்றா.

தலைப்பு: ஆற்றுவாயை இப்போதே வெட்டலாமா, கூடாதா.
கார்த்திகை பிறந்து ஏழு நாள்.
ஜன்னலுக்கு அப்பால் வாவி
வீங்கிக் கிடந்தது, மண்நிறத்தில்.
வெட்டக் கூடாது, உப்பு ஏறும்,
இறால் எல்லாம் கடலுக்குப் போய்விடும் என்றேன்.
இரண்டாவது கொட்டை.
மதுர்ஷன் மறுத்தான்.
அவன் வாய் மூடுமுன் மூன்றாவது.
மணியைப் பார்த்தேன். நான்கு நிமிஷம் போயிருந்தது.
பாடம் முடிய இன்னும் முப்பத்தாறு.

நான் பேசாத வகுப்பை
அதுவரை நான் பார்த்ததே இல்லை.
மின்விசிறியின் ஒரு இறகு எங்கோ உரசுகிறது.
கன்டீனில் யாரோ தேங்காய் துருவுகிறார்கள்.
கடைசி வாங்கில் வினோகாந்
பெருவிரல் நகத்தால் பலகையைச் சுரண்டுகிறான்.

மண்டூரிலிருந்து வருகிறவன்.
குருமண்வெளித் துறையில் பாதை பிந்தினால்
அவனுக்கு முதல் பாடம் இல்லை.
எட்டாம் வகுப்பில், ஆங்கிலப் பாடத்தில்,
எழும்பி வாசித்தான். நன்றாகத்தான் வாசித்தான்.
ஐலண்ட் என்ற சொல்லை மட்டும்
எழுத்தெழுத்தாய் நம்பி
"இஸ்லாண்ட்" என்றான்.
முதலில் சிரித்தது நான்.
இடைவேளை முடியுமுன் அது அவன் பெயராயிற்று.
பிறகு வரவு கூப்பிட்டால்கூட
கையை மட்டும் தூக்குவான்.

மிஸ் அவனைக் கூப்பிடவில்லை.
"நீ சொல்லு மனே" என்று
ஒருவரையும் அவ கேட்கவில்லை.
ஜன்னலோரம் போய் நின்று வெளியே பார்த்தா.
தர்மிளா ஒன்று வைத்தாள், இரண்டு வரி சொன்னாள்.
பிறகும் விசிறி. பிறகும் தேங்காய்.
சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?
என் தொண்டையில் நான்காவது பேச்சு
ஓராமீன் முள்ளாய்க் குத்திக்கொண்டு நின்றது.

அப்போதுதான் பின்னால்
டக்.

"எங்கட அப்பாட ரெண்டேக்கர்
போன மாரியில ஆறு நாள் தண்ணிக்குள்ள கிடந்த.
கதிர் தள்ளுற நேரம்.
வெட்டச் சொல்லி அப்பா கச்சேரிக்குப் போன.
மாமாக்கு இறால்தான் சோறு.
வெட்டவேணாம் எண்டு அவரும் போன.
ரெண்டு பேரும் ஒரே பாதையில போய்
ஒரே பாதையில வந்த.
ஒருத்தரோட ஒருத்தர் கதைக்கல்ல."

நிறுத்தினான்.
முடித்துவிட்டான் என்று நினைத்தோம்.

"தண்ணி எத்தின அடி வந்தா வெட்டலாம் எண்டு
ரெண்டு பேரையும் ஒண்டா இருத்தி
ஆரும் கேக்கல்ல.
கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்க."

புத்தகத்தின் நாற்பத்திரண்டாம் பக்கத்தில் இது இல்லை.
அந்தப் பக்கத்தை நான் மனப்பாடம் செய்திருந்தேன்.

குரல் சின்னது.
முன்வாங்குக்காரர்கள் உடம்பைத் திருப்பவேண்டி இருந்தது.
திருப்பினார்கள்.
மதுர்ஷன் தன் கடைசிக் கொட்டையை வைத்து
"எத்தின அடிடா?" என்று மட்டும் கேட்டான்.
வினோகாந் விரல்களை மடக்கி
எதையோ கணக்குப் பார்த்தான்.
இன்னொரு டக்.

மணி அடித்தது.
கொட்டைகளைப் பொறுக்கிப் பேணியில் போடுவது
அன்று என் முறை.
என்னுடைய மூன்றும் காய்ந்து கிடந்தன.
அவன் மேசையில் இருந்த இரண்டும் ஈரம்.
எவ்வளவு நேரம் உள்ளங்கைக்குள்
பொத்தி வைத்திருந்தானோ.

"வினோகாந்."

அந்தப் பெயரை நான் சொல்லி இரண்டு வருஷம்.
புத்தகப்பையைத் தோளில் ஏற்றியபடி
வாசலில் நின்று திரும்பினான்.
காத்திருந்தான்.
எனக்கு அடுத்த சொல் வரவில்லை.