மற்றவை

விண்ணப்பப் படிவத்தில் ஒரு கட்டம்.
தொட்டால் ஆறு பல்கலைக்கழகங்கள் இறங்கும்.
ஏழாவதாக, எல்லாவற்றுக்கும் அடியில்,
'மற்றவை'.
நான் படித்தது அங்கேதான்.

பென்கூலன் ஸ்திரீட், மூன்றாம் மாடி.
கீழே மூக்குக்கண்ணாடிக் கடை, பக்கத்தில் கரோக்கே.
தேய்மானம் கணக்கிடச் சொல்லித்தரும் இரவுகளில்
சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ
ஹொக்கியனில் காதலித்து அழுவார்கள்.
பத்து மணிக்கு மின்படியை நிறுத்திவிடுவார்கள்.
நின்ற படியில் வைத்த முதல் அடி
ஒவ்வொரு முறையும் தடுமாறும்.
அது நகரும் என்று
கால் நம்பிப் பழகிவிட்டது.

பட்டம் கடல் கடந்து வந்தது.
அந்தப் பல்கலைக்கழகத்தின் ஊரை
வரைபடத்தில் ஒருமுறை தேடிப் பார்த்தேன்:
ஓர் ஆறு, ஒரு ரயில் நிலையம், மிச்சமெல்லாம் பச்சை.
ஹோட்டல் மண்டபத்தில் வாடகை அங்கியோடு நின்றேன்.
'பூங்கோதை பஞ்சாட்சரம்' என்பதை
ஒரு வெள்ளைக்காரர் மூன்றாக உடைத்து வாசித்தார்.
வேறு யாரோ என்று நானும் கைதட்டினேன்.

கடன் இருபத்திரண்டாயிரம் வெள்ளி.
மாதம் முந்நூற்று எண்பது, ஆறு வருடம்.
அந்த ஆறு வருடத்தில்
ஒரு கல்யாணம், ஒரு பிரசவம்,
ஈசூனில் ஒரு மூவறை வீடு,
எதற்கும் தவணை காத்திருக்கவில்லை.

இப்போது எனக்கு உபியில் வேலை, மனிதவளப் பிரிவு.
அந்தப் படிவங்கள் என்னிடம்தான் வந்து விழும்.
ஆறு பெயர்களுக்கு ஒரு தொடக்கச் சம்பளம்.
மற்றவைக்கு அதில் எழுநூறு குறைவு.
அட்டவணையை நான் போடவில்லை.
ஒவ்வோர் ஆண்டும் தேதியை மட்டும் மாற்றுகிறேன்.

போன செவ்வாய் வந்த படிவத்தில்
தெரிந்த பெயர்: சையது இப்ராம்ஷா.
பின்வரிசை. துவாஸ் ஷிஃப்ட் முடிந்து
பாதுகாப்புக் காலணியோடே வகுப்புக்கு வருவார்.
பாதி நேரம் தூங்குவார்.
விழித்தால், பலகையில் வாத்தியார் முடிக்குமுன்
விடையைச் சொல்லிவிட்டு மறுபடி தூங்குவார்.
வயது நாற்பத்தொன்று.
எதிர்பார்க்கும் சம்பளம் என்ற இடத்தில்
'பேசிக்கொள்ளலாம்' என்று எழுதியிருந்தார்.

அவர் பெயருக்கு நேரே
மேல் வரிசை எண்ணைத் தட்டினேன்.
மாலைக்குள் திரும்பி வந்தது,
எண்ணைச் சுற்றி மிஸ் வோங்கின் மஞ்சள் வட்டம்:
'தவறா?'
தவறுதான் என்றேன்.
எது என்று அவர் கேட்கவில்லை.
எழுநூற்றைக் கழித்து அனுப்பினேன்.

திங்களன்று லிஃப்டில் பார்த்தார்.
"அட, நீயா! இங்கேயா இருக்கே?"
கழுத்தில் புது அட்டை, கறுப்புச் சப்பாத்து.
"சம்பளம் பேசவே இல்லை, பூங்கோதை.
அவங்களே போட்டுட்டாங்க. நல்லவங்கதான்."
ஏழாம் மாடி வரை
எண்கள் மாறுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மகளுக்குத் துணைப்பாட வகுப்பு, கணிதமும் ஆங்கிலமும்.
மாதம் முந்நூற்று எண்பது.
பழைய தவணை முடிந்த மறுமாதமே தொடங்கியது.
வங்கிக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது.

இன்று வகுப்பு முடியத் தாமதம்.
கடைத்தொகுதியில் பாதி விளக்கு அணைந்து
மின்படியும் நின்றிருந்தது.
வழக்கம்போல் என் கால் தடுமாறியது.
அவள் இரண்டிரண்டாகத் தாவி இறங்கினாள்,
எண்ணிக்கொண்டே, பையும் தண்ணீர்ப் புட்டியும் குதிக்க.
கீழே நின்று என்னைப் பார்த்துச் சிரித்தாள்.
அவளுக்கு அது
இன்னும் வெறும் படி.