தடைக்காலத்து நண்டு

வஞ்சிரம் என்று பலகையில் இருக்கிறது.
வஞ்சிரம் இல்லை என்கிறாள் தேசம்மா.
ஜூன் பாதிவரைக்கும் இப்படித்தான்.
அழித்தால் திரும்ப எழுத
பெயிண்டர் இருநூறு கேட்பானாம்.

முதுநகர், உப்பனாற்றங்கரை.
விசைப்படகுகள் ஒன்றின் விலாவில் ஒன்றாகச்
சாய்ந்து கிடக்கின்றன.
ஒன்றுக்கு மட்டும் பாதி நீலம் அடித்திருக்கிறது.
அடித்தவன் அதன் நிழலிலேயே தூங்குகிறான்,
பிரஷ் இன்னும் கையில்.

கத்திரி தொடங்கி ஒன்பதாம் நாள்.
தகரத்துக்கு மேல் கீற்று வேய்ந்தும்
பிளாஸ்டிக் நாற்காலி சுடுகிறது.
எதிரில் இளம்பரிதி.
நெய்வேலியில் இரவு ஷிப்ட் முடித்துத்
தூங்காமல் பஸ் ஏறி வந்திருக்கிறான்.
நகக்கண்களில்
தேய்த்தும் போகாத பழுப்பு.

ஜாதகம் பொருந்தியாயிற்று.
நாங்கள் பொருந்துகிறோமா என்று பார்த்துக்கொள்ள
ஒரு மதியச் சாப்பாட்டுக்கு அனுமதி.
ஏசி இருக்கிற இடமா என்று கேட்டார் அப்பா.
ஆறு இருக்கிற இடம் என்றேன்.

நண்டு சொன்னது நான்தான்.
அக்காவுக்குத் தெரிந்தால் தலையில் அடித்துக்கொள்வாள்,
மாப்பிள்ளை முன்னால் எவளாவது நண்டு தின்பாளா என்று.
சட்டை நுனியில் மசாலா, முழங்கைவரை சாறு,
பல்லிடுக்கில் ஓடு.
இதற்குப் பிறகு எவன் நடிக்க முடியும்?

"ஆத்து நண்டா, கடல் நண்டா?"
தேசம்மாவின் கரண்டி நின்றது.
என்னை மேலும் கீழும் பார்த்தாள்.
"பாலத்தடியில பாட்டில்ல தண்ணி புடிக்கிற பொண்ணு
நீதானே?"

நான்தான்.
செவ்வாய்தோறும் நீலப் பெட்டியோடு இறங்கி
இதே ஆற்றை ஆறு புட்டிகளில் அடைத்து
தேதி, நேரம், இடம் எழுதி ஒட்டுகிறவள்.
எண்கள் வரும்.
அவற்றை வெளியே சொல்லமாட்டேன் என்று
இரண்டு பக்கத்திலும் கையெழுத்து
போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

"கடல் நண்டுதான்.
எம்மவன் விடிய ஃபைபர்ல போயி எடுத்தாந்தது.
ஆத்துல வர்றது பொடி.
அது எங்க வூட்டுக்கு."

சொல்லிவிட்டு அடுப்புக்குப் போய்விட்டாள்.
பூண்டும் மிளகும் வெடிக்கிற சத்தம்.
ஆறு எங்கள் மேசைக்கு நாலடி கீழே
எண்ணெய்ப் பளபளப்போடு
ஒன்றும் கேட்காததுபோல் போனது.

நண்டு வந்தது. உடைக்க
வலையில் கோக்கிற குண்டு ஒன்றை
இலையோரம் வைத்தாள்.
ஈயம்.
நான் பல்லாலேயே கடித்தேன்.
அவன் ஏன் என்று கேட்கவில்லை.
குண்டைத் தள்ளி வைத்துவிட்டு
அவனும் கடித்தான்.

பாதிக் காலில் கேட்டான்:
"தண்ணியில என்னதான் இருக்கு?"

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.
பிசைந்த சோற்றையே மறுபடியும்.
அவன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு
"எங்க சுரங்கத்துல
ராத்திரி பகலா தண்ணி எறைப்பாங்க" என்றான்.
"எறைக்கிற சத்தம் நின்னா
எங்களுக்குத் தூக்கம் வராது.
மேல ஊர்ல கெணறு எல்லாம் எங்க போச்சுன்னு
மாமா வீட்டுல கேப்பாங்க.
நானும் இப்படித்தான் சோறு பிசைவேன்."

இரண்டு மணிக்குக் காற்று திரும்பியது.
அதுவரை மேற்கிலிருந்து அடுப்புவாயாய் ஊதியது
சட்டென்று ஓய்ந்து,
கீற்று ஒருதரம் மூச்சிழுத்து,
கடல் உள்ளே வந்தது.
இலைகள் எழும்ப, ஓடுகள் சிதற,
இரண்டுபேரும் எச்சில் கையோடு
ஒரே நேரத்தில் அவனிலையைப் பிடித்தோம்.
என் இலை ஆற்றுக்குப் போயிற்று.
படகு நிழலில் தூங்கியவன்
எழுந்து பார்த்துவிட்டு
மறுபடி படுத்தான்.

கணக்கு நானூற்று எழுபது.
மீதிச் சில்லறையைத் தரும்போது
"செவ்வாக்கெழம எத்தினி மணிக்கு வருவ?"
என்று கேட்டாள் தேசம்மா,
என் முகத்தைப் பாராமல்.
"ஏழு."
"வரேன்."

கை கழுவப் பின்பக்கம் ஒரு டிரம்.
ஒரு சொம்பு மொண்டு
மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தேன்.
பழக்கம்.
சொம்பை வாங்கி
அவனும் முகர்ந்து பார்த்தான்.