வெள்ளைத் துணி

பைன்டவுன் கிடங்கு, வியாழன், மாலை ஆறு.
பழைய செய்தித்தாள் விரித்த மேசை.
கோழிக்கறித் தள்ளுபடி விளம்பரத்தின் மேல்
ஒரு துப்பாக்கி. என்னுடையது அல்ல.
என்னுடையது பக்கத்தில் காத்திருக்கிறது,
செவ்வாய்க்கிழமைப் பயிற்சியின் கரியோடு.

"பேரிலேயே படை வைத்திருக்கிறாய், படையாச்சி,
ஸ்வெலாக்கேயின் இரும்பையும் நீயே துடைத்துவிடு.
திங்கட்கிழமை புதுப்பையன் வருகிறான்,"
என்றார் ஆயுத அறை நாயக்கர்.

தோட்டாப் பெட்டியைக் கழற்றினேன்.
போல்ட்டை இழுத்துச் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தேன்.
காலி.
மேல்மூடியை அழுத்த,
சுருள்வில் முரண்டு பிடித்து வந்தது,
பள்ளிக்கூடத்துக்கு எழுப்பின பிள்ளை மாதிரி.
கழற்றுவது இடமிருந்து வலம்,
மாட்டுவது வலமிருந்து இடம்.
உங்கள் எழுத்து அப்படித்தான் போகுமா என்பான் ஸ்வெலாக்கே.
இல்லையடா, அது எதிர்வீட்டு மைமூனா ஓதுவது.

மண்டேனி தாண்டி, நெடுஞ்சாலையில்,
கரும்பு எரித்த சாம்பல் பறந்த ஒரு காலை.
இரண்டு வெள்ளைக் கார்கள். நாலு நிமிடம்.
எனக்கு அன்று பல் பிடுங்கிய விடுப்பு.

கடைசித் தோட்டா வரை நின்று சுட்டான் என்றார் மேலாளர்
அடக்கத்தில். மலைச்சரிவு முழுக்க ஆமென் என்றது.
அவன் மகன், ஒன்பது வயது, என் சட்டையை இழுத்து
அப்பா எத்தனை சுட்டார் என்று கேட்டான்.
முப்பத்தைந்தும், என்றேன்.

இப்போது குழலுக்குள் துணியை விட்டு இழுக்கிறேன்.
சுட்ட குழலில்
முதல் துணி அடுப்புக்கரி,
அடுத்தது கடுங்காப்பி, பிறகு தேநீர்,
எட்டு ஒன்பதில்தான் வெளுக்கும்.

முதல் துணியே வெள்ளையாக வந்தது.

இன்னொன்று இழுத்தேன். அதுவும்.
போலீஸ் ஏன் இதை மூன்றே நாளில்
வேண்டாமென்று திருப்பித் தந்தது என்பது
அப்போதுதான் உறைத்தது.
குழலை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தேன்.
வரிகள் சுழன்று சுழன்று போய்
முனையில் ஒரு காசளவு வெளிச்சம்.

துப்பு கெட்டவன் என்பார்களா?
குறுக்கே ஆள் நிறைந்த டாக்ஸி ஏதும் நின்றதா?
கை மரத்துப் போனதா?
துப்பாக்கிக்குத் தெரிந்த துப்பு ஒன்றுதான்,
சுடவில்லை.
நானென்றால்? பதினோரு வருஷமாகக்
காகித மனிதர்களைச் சுட்ட புகையைத்தான் துடைக்கிறேன்.

துணியில் இருந்த எண்ணெய்
அவன் கடைசி வியாழன் ஊற்றியது.
எப்போதும் கூடுதலாகத்தான் ஊற்றுவான்,
தோசைக்கா ஊற்றுகிறாய் என்று திட்டுவேன்.
போல்ட்டின் பள்ளத்தில் அந்த எண்ணெய்
ஒரு கரும்புச் சாம்பல் செதிலைப் பிடித்து வைத்திருந்தது.
எடுக்கப் போனேன், பொடிந்தது.

வலமிருந்து இடமாக மாட்டினேன்.
பதிவேட்டில் ஒரே கட்டம்: சுத்தம்.
கையெழுத்துப் போட்டேன்.
பிறகு என் துப்பாக்கியைத் திறந்து
அதன் கரியில் அந்த இரண்டு வெள்ளைத் துணிகளையும்
நன்றாகப் புரட்டி
வாளியில் போட்டேன்.

நாயக்கர் வாளியைப் பார்த்தார்.
என் விரல்களைப் பார்த்தார்.
எண்ணெய் அதிகம், படையாச்சி, என்றார்.